சரோஜினி நகரின் மரங்களும் வெப்பமண்டலக் காடுகளும்

தலைநகரின் தென்பகுதியில் மத்திய அரசு ஊழியர்களுக்கென அமைந்த பழைய குடியிருப்புகளுள் சரோஜினி நகர் ஒன்று. தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கு வாழ்ந்துள்ளன. தாழ்ந்த வீடுகளும் அவற்றிடையே வேம்பு, நாவல், அரசு போன்ற மரங்களும் நிறைந்திருந்த பகுதி இது. இதனை உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016 ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25,667 வீடுகள் எழுப்புவது திட்டம். வீட்டுப் பற்றாக்குறை உண்மையானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், இதற்காக 16,500 மரங்கள் வரை வெட்டப்படும் என வழக்குத் தொடரப்பட்டது. அவற்றுள் பெரும்பகுதி சரோஜினி நகரைச் சேர்ந்தவை. 2018 ஜூனில் பொதுமக்கள் மரங்களைக் கட்டித் தழுவிப் போராடினர். டெல்லி உயர் நீதிமன்றமும் மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது.

குடியிருப்பு மரங்கள் காடாகுமா என்று வாசகர் வினவலாம். சட்டப்படி அது காடன்று. ஆனால் மரங்கள் மறைவதற்கான காரணங்களை ஆராய்வோருக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும். நிலத்திற்கு வேறொரு பயன் கூடுதல் விலை பெறும்போது மரம் தோற்றுவிடுகிறது. அமேசானில் மேய்ச்சல் நிலமும் சோயாவும், இந்தோனேசியாவில் எண்ணெய்ப்பனையும் செய்வது இதுவே. 1990 க்கும் 2020 க்கும் இடையே உலகில் 42 கோடி ஹெக்டேர் காடு அழிக்கப்பட்டதாக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்நூற்றாண்டின் முதல் பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த காடழிவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு பயிர்த்தொழிலும் மேய்ச்சலும் விரிந்ததால் நேர்ந்தது என்பது அதே நிறுவனத்தின் கணிப்பு. விறகு வெட்டும் ஏழையே காட்டின் பகைவன் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்ததை இக்கணிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

நம் நாட்டிலும் 1951 முதல் 1980 வரை சுமார் 43 லட்சம் ஹெக்டேர் காட்டு நிலம் பிற பயன்களுக்கு மாற்றப்பட்டது. அதிலும் வேளாண்மையின் பங்கே பெரிது; எஞ்சியவற்றை அணைகளும் சாலைகளும் சுரங்கங்களும் பெற்றன. 1980 இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயமாயிற்று. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995 இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று, ‘காடு’ என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் விளக்கியது. யாருக்கு உரிமையான நிலமாயினும் இவ்விளக்கம் பொருந்தும் என்பதே அதன் சிறப்பு.

அழிவு வேறு, நலிவு வேறு. அழிவில் காடு நிலப்படத்திலிருந்தே மறைகிறது. நலிவிலோ படத்தில் பச்சை நிறம் இருக்கும். உள்ளே உயிர் குன்றியிருக்கும். நீலகிரியின் புல்வெளிகளில் ரேயான் ஆலைக்கும் தோல் பதனிடுதலுக்கும் என யூகலிப்டசும் சீகை மரமும் நடப்பட்டபோது மரங்களின் எண்ணிக்கை கூடியது. சோலையும் புல்வெளியும் இணைந்து நீரைத் தேக்கிவைத்த அமைப்போ சிதைந்தது. முதுமலையில் உண்ணிச்செடி பரவி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை விழுங்கியது. டெல்லி ரிட்ஜ் காடு கடக ரேகைக்கு வடக்கே இருந்தும், 1968 இல் வெளியான சாம்பியன்–சேத் வகைப்பாட்டின்படி வெப்பமண்டல முட்காடேயாகும். அங்கு ஆங்கிலேயர் காலத்தில் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் இயற்கையான மரங்களைப் பின்தள்ளிவிட்டது. இராமநாதபுரத்து வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்திய வன ஆய்வு நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காடு மர நிழல் இருந்தால், அது தோட்டமாயினும் பழத்தோப்பாயினும், ‘வனப் பரப்பு’ என்று கணக்கிடுகிறது. எனவே ஓரிடத்தில் இயற்கைக் காடு குறைந்து மற்றோரிடத்தில் தைலமரத் தோப்பு வளர்ந்தால் ஏட்டில் இழப்பே தெரியாது.

ஈடுசெய் காடு வளர்ப்பும் இதே கணக்கினடிப்படையில் அமைந்தது. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகமும் நகரமும் அமைக்க ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை மாற்றுவதற்கு 2022 இல் கொள்கையளவில் அனுமதி வழங்கப்பட்டது. ஈடாக மரம் நட முன்மொழியப்பட்ட இடம் ஹரியானா! ஆண்டின் பெரும்பகுதி மழை பெறும் தீவில் வளர்ந்த மரங்களும் உயிரினங்களும் ஆரவல்லி அடிவாரத்தின் வறண்ட மண்ணில் எங்ஙனம் மீளும்?

டெல்லியில் வெட்டப்படும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பது வழக்கமான விதி. இத்தகைய நடவில் பெருங்குறை இருந்ததைக் கணக்குத் தணிக்கை அறிக்கையே சுட்டிற்று. நடப்பட்ட கன்றும் முதிர்ந்த வேம்பின் நிழலைத் தரப் பல்லாண்டுகள் ஆகும். 2020 இல் டெல்லி அரசு கொணர்ந்த கொள்கை வேறு வழியை நாடியது: பாதிக்கப்படும் மரங்களுள் எண்பது விழுக்காட்டை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும், அவற்றுள் எண்பது விழுக்காடு ஓராண்டின் முடிவில் உயிருடன் இருத்தல் வேண்டும். ஆழ வேரோடிய முதுமரங்கள் இவ்வாறு பெயர்ப்பதைத் தாங்குவது அரிது. ஆதலின் கட்டட வரைபடத்தை முடிவு செய்யும் முன்பே நிற்கும் மரங்களின் பட்டியலை வல்லுநர் கையில் கொடுப்பதே செலவு குறைந்த வழியாகும்.