மொட்டைமாடிக்கு ஏற்ற கம்பி

அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரை கிரவுண்டில் வீடு கட்டியவர், தேர்வு எழுதி ஹாம் ரேடியோ உரிமமும் வாங்கிவிட்டால் அடுத்த கவலை ஆண்டெனாதான். நம் ஹாம்கள் பகலில் கூடிப் பேசுவது பெரும்பாலும் 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில். அதற்கான அரை அலை டைபோலுக்கு 66 அடி கம்பி வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடிதான் தேறும். இடமும் இல்லை, உயரமும் இல்லை என்று பலர் இங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். சோர்வதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

மொட்டைமாடியின் நடுவே பன்னிரண்டு அடி சவுக்குக் கம்பு ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து டைபோலின் இரண்டு கைகளையும் கூரைபோல எதிரெதிர் மூலைகளுக்குச் சரித்துக் கட்டலாம். இதைத் தலைகீழ் 'வி' என்பார்கள். ஒவ்வொரு கையிலும் மிஞ்சும் சில அடிகளை மூலையில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் போதும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செம்புக் கம்பியே இதற்குப் போதுமானது. இன்சுலேட்டருக்கு பிவிசி பைப் துண்டு, மற்றதெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ரேடியோவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளையே உச்சியில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டால், கேபிளின் வெளிப்பின்னல் வழியே மின்னோட்டம் திரும்பி வருவது குறையும். இரண்டு விஷயங்களில் மட்டும் சலுகையே கிடையாது. தெருவில் போகும் மின்கம்பிகளிலிருந்து, அறுந்து விழுந்தாலும் தொடாத தூரத்தில் ஆண்டெனா இருக்க வேண்டும். அனுப்பும்போது கம்பியின் நுனிகளில் உயர் மின்னழுத்தம் ஏறும் என்பதால், துணி காயப்போட வருபவர் கைக்கும் குழந்தைகள் கைக்கும் அவை எட்டவே கூடாது.

ட்யூனிங்தான் இதில் ருசியான பகுதி. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.1க்கு 20.1 மீட்டர். கம்பியின் பிவிசி உறை, பக்கத்துச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். ஆகவே கைக்குப் பத்தரை மீட்டர் விட்டுக் கட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) எந்த அலைவரிசையில் மிகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். 6.9இல் குறைந்தால் கம்பி நீளம் என்று பொருள். இரு பக்கமும் பத்து பத்து சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். அப்படியானால் இங்கே முப்பது சென்டிமீட்டர். வெட்டாமல் நுனியை மடித்து, கம்பியோடு ஒட்டி முறுக்கிவிட்டு மறுபடி அளப்பதே என் பரிந்துரை. உள்ளங்கையில் அடங்கும் நேனோவிஎன்ஏ கருவி வந்த பிறகு, இந்த வேலை மாடியில் நின்றபடியே முடிந்துவிடுகிறது.

உயரம் இல்லையே என்ற குறையைப் பார்ப்போம். மாடி வீட்டின் மேல் அந்தக் கம்பு நின்றால் உச்சி தரையிலிருந்து சுமார் 10 மீட்டரில் இருக்கும். இது 40 மீட்டர் அலையில் கால் பங்கு. இந்த உயரத்தில் ஆண்டெனா தன் ஆற்றலில் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்புகிறது. அது அயனிமண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்குகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் வானம் பகலில் 7 மெகாஹெர்ட்ஸை நன்றாகவே திருப்பி அனுப்பும். அமெரிக்காவோடு பேச இது உகந்ததல்ல. ஆனால் பூந்தமல்லியிலிருந்து திருச்சி, மதுரை, கோவை என்று தமிழ்நாடு முழுவதையும் எட்ட இதைவிடப் பொருத்தமான ஆண்டெனா வேறில்லை என்பேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் மின்சாரமும் செல்போனும் படுத்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது ஹாம் ரேடியோதான். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோ முகாம் அமைத்திருந்த ஹாம் பாரதி பிரசாத்தும் குழுவினரும், அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் செய்திப் பாலமாக நின்றார்கள். கார் பேட்டரியும் இந்தக் கம்பியும் இருந்தால் ஒரு மொட்டைமாடியும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் புயல் அறிவிப்பு வந்த பிறகு ஆண்டெனா கட்ட முடியாது. ஆண்டெனாவை இழுத்துக் கட்டிய நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும். புரட்டாசிக்குள் அதை மாற்றிவிட வேண்டும். ஐப்பசியில் இடி கேட்கத் தொடங்குமுன் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.