மஞ்சள் அட்டை இல்லாமல் ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறாதீர்கள்

இ-பாஸ் போய்விட்டது. ஏர் சுவிதா படிவம் போய்விட்டது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சான்றும் போய்விட்டது. கொரோனாவோடு தனிமைப்படுத்தலும் ஒழிந்தது என்ற நினைப்பில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. கொரோனாவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே வந்த ஒரு தனிமைப்படுத்தல் விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டிலிருந்து, அதற்கான தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்குகிறவரை ஆறு நாள் வரை தனியே பிடித்து வைக்கலாம். நம் ஊர் பாஸ்போர்ட்டா, வெளிநாட்டு பாஸ்போர்ட்டா என்ற வித்தியாசம் இதில் கிடையாது.

தடுக்கி விழுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். பச்சை முந்திரிக்கொட்டை சீசன் தொடங்கியதும் பண்ருட்டியிலிருந்து ஐவரி கோஸ்ட்டுக்கும் பெனினுக்கும் ஓடுகிற வியாபாரி, டிக்கெட் போட்ட பிறகு ஊசியைப் பற்றி விசாரிக்கிறார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு போட்டுக்கொள்கிறார். அட்டை கையில் இருந்தும் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியோடு உகாண்டா போன தம்பி, அங்கே அட்டையைத் தொலைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து வெறுங்கையோடு சென்னையில் இறங்குகிறார். திருப்பூர்க்காரர் கதை இன்னும் மோசம். கண்காட்சிக்காக துபாய் போனவரை, அப்படியே நைரோபிக்கு வந்து இரண்டு நாள் பேசிவிட்டுப் போங்கள் என்று பையர் கூப்பிடுகிறார். போய்விட்டு துபாய் வழியாகவே திரும்புகிறார். “நான் துபாயிலிருந்துதானே வருகிறேன்?” என்று கவுன்ட்டரில் வாதாடுகிறார். பாஸ்போர்ட்டில் கென்யா முத்திரை இருக்கிறது.

கணக்கு எளிது. கடைசியாக எந்த விமானம் ஏறினீர்கள் என்பது பொருட்டே இல்லை. அபாயப் பட்டியலில் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாள் ஆகிவிட்டதா என்பதுதான் கேள்வி. நைரோபியிலிருந்து வந்து துபாயில் இரண்டு நாள் தங்கியிருந்தால் மீதி நாலு நாள் இங்கே உள்ளே இருக்க வேண்டியிருக்கும். கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட அதிகபட்சம் ஆறு நாள் ஆகும் என்பதுதான் இந்த எண்ணுக்குக் காரணம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, அதாவது டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியிலேயே இருக்கிறது. நோயாளி ஒருவர் வந்து இறங்கினால் போதும். 2016இல் அங்கோலாவில் இந்த நோய் பரவியபோது, அங்கிருந்து திரும்பிய 11 பேரோடு நோய் சீனாவுக்கு வந்து சேர்ந்தது. விதி சரியானதுதான். அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்காத அலட்சியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். டிக்கெட் விற்கிறவரும் சொல்வதில்லை, விசா வாங்கித் தருகிறவரும் சொல்வதில்லை. விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகுதான் அறிவிப்புப் பலகை கண்ணில் படுகிறது.

பட்டியலில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலும் உண்டு: ஐவரி கோஸ்ட், பெனின், கானா, நைஜீரியா, செனகல், கினி பிசாவ், கேமரூன், காங்கோ, அங்கோலா. கிழக்கே கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா. தென்னமெரிக்காவில் பிரேசில், பெரு, கொலம்பியா உள்ளிட்டவை. ஐவரி கோஸ்ட், கானா, உகாண்டா போன்றவை உள்ளே நுழையவே அட்டை கேட்கும். அபாய நாட்டின் வழியாக வருகிறவரிடம் மட்டும் கேட்கிற நாடுகளும் உண்டு. தான்சானியா அப்படி ஒன்று. முந்திரிக்காக தார் எஸ் சலாம் போகிறவர் நேராகப் போனால் பிரச்சினை இல்லை; நைரோபியில் நாள் கணக்கில் வேலை முடித்துவிட்டுப் போனால் அட்டை வேண்டும். பட்டியல் மாறக்கூடியது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் பாருங்கள், போன வருஷம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பாதீர்கள்.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முழு நேரமும் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தீர்கள் என்பதில் இங்குள்ள சுகாதார அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் விலக்கு தரலாம். இரண்டு போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள். காத்திருக்கும் நேரம் நீளம் என்று விமான நிறுவனம் ஊருக்குள் ஓட்டல் அறை தருகிறேன் என்று சொல்லும். ஆசைப்பட்டு வெளியே போனால் விலக்கு போயிற்று. பாஸ்போர்ட்டில் முத்திரையும் விழுந்துவிடும்.

இனி ஊசி. தமிழ்நாட்டில் இதற்கு அங்கீகாரம் பெற்றவை என்று அரசு அறிவித்த இடங்கள் மூன்று: கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். உங்கள் குடும்ப டாக்டர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், மத்திய சுகாதார அமைச்சகத்தின் பட்டியலில் இல்லாத இடத்தில் போட்ட ஊசிக்கு விமான நிலையத்தில் மதிப்பில்லை. மஞ்சள் காமாலைக்குப் போட்ட ஊசியின் சீட்டை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

அசல் பாஸ்போர்ட்டும் நகலும் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனால் நினைத்த நேரத்துக்குப் போய்க் கையை நீட்ட முடியாது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களைச் சேர்த்துப் போடுவார்கள். இருப்பு இல்லை என்ற பதிலும் சில சமயம் வரும். பண்ருட்டியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து, இன்றைக்கு ஊசி இல்லை என்று ஒட்டிய காகிதத்தைப் படித்துவிட்டுத் திரும்புகிறவரைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. போன் செய்து உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். போனை எடுக்கும் வரை அடியுங்கள்.

பத்து நாள். இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்று செல்லுபடியாகும். 1ஆம் தேதி போட்டால் 11ஆம் தேதியிலிருந்து. அதிகாரியிடம் கெஞ்சி இந்தத் தேதியை முன்னுக்குத் தள்ள முடியாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக எடுக்கும் நேரம் அது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஊசி. திரும்பவும் சொல்கிறேன், டிக்கெட்டுக்கு முன்னால் ஊசி.

எல்லோருக்கும் இதைப் போட முடியாது. இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள், ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் ஆகியோருக்குக் கூடாது. கர்ப்பிணிகளும் 60 வயதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது. வியாபாரத்தில் பாதிப்பேர் 60 தாண்டிய முதலாளிகள்தான். வயதை மறைத்து ஊசி போட்டுக்கொள்வது வீரம் இல்லை. மருத்துவக் காரணத்தால் விலக்குக் கடிதம் வாங்கினாலும், அதை வைத்துத் தனிமைப்படுத்தலிலிருந்து தானாகத் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். முடிவு விமான நிலைய சுகாதார அதிகாரியுடையது. அப்படிப்பட்டவர்கள் மகனையோ மேனேஜரையோ அனுப்புவதே மேல்.

அட்டையை வாங்கியதும் பையில் திணிக்காமல், கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒருமுறை படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இனிஷியல் விரிவு உட்பட இருக்கிறதா? பாஸ்போர்ட் எண் சரியா? தேதியில் மாதம் எழுத்தில் இருக்க வேண்டும். 04-05 என்று எண்ணில் எழுதினால் ஏப்ரலா மே மாதமா என்று இன்னொரு நாட்டு அதிகாரி குழம்புவார். தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் வேண்டும். மையத்தின் முத்திரை வேண்டும், ஊசி போட அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தும் வேண்டும். முத்திரை இருக்கிறதே என்று கையெழுத்தை விட்டால் சான்று செல்லாது; சர்வதேச விதியே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு, பல பேர் அதை வெற்றாக விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இருந்தாலோ ஏதாவது ஒரு கட்டம் வெற்றாக இருந்தாலோ சான்றை நிராகரிக்க இடம் உண்டு.

பழைய அட்டை வைத்திருப்பவர்கள் செய்கிற விபரீதம் ஒன்று. முன்பு இந்த ஊசிக்கு ஆயுள் பத்து வருஷம் என்று எழுதித் தருவார்கள். 11 ஜூலை 2016 முதல் வாழ்நாள் முழுக்கச் செல்லும், அதற்கு முன் போட்டதும் சேர்த்து. இது தெரிந்ததும் சிலர் தாங்களே பேனா எடுத்துப் பழைய முடிவுத் தேதியை அடித்து, வாழ்நாள் என்று எழுதிவிடுகிறார்கள். செல்லுபடியாக இருந்த அட்டையைத் தன் கையாலேயே செல்லாததாக்கும் வேலை அது. அப்படியே விடுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்து எண் மாறியிருந்தால், பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே கொண்டுபோங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தொலைந்துபோனால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆவணம் காணாமல் போனதற்கான அறிக்கை எடுத்துக்கொண்டு, ஊசி போட்ட அதே மையத்துக்குப் போய்க் கேளுங்கள். போட்டோ இருந்தால் பதிவேட்டில் தேடுவது சுலபம்.

ஊசியே போடாமல் அட்டை தருகிறேன் என்கிற ஏஜென்ட்டுகளைப் பற்றி. பொய் ஆவணம் செய்வதும் அதைப் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளின் கீழ் குற்றம். அட்டை அவருடையது அல்ல, உங்கள் பெயரில் இருக்கிறது. மாட்டினால் உங்கள் பாஸ்போர்ட்தான் மேசைக்குப் போகும். அட்டை விஷயத்தில் சந்தேகம் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா 125 நைஜீரியர்களைத் திருப்பி அனுப்பியது ஓர் உதாரணம். அந்த நாடு பிறகு மன்னிப்புக் கேட்டது. அதனால் அவர்களின் பயணம் திரும்பி வரவில்லை.

சரி, எல்லாம் மீறி இங்கே மாட்டிக்கொண்டால்? முதலில், யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இமிக்ரேஷன் அதிகாரிக்கு இதில் அதிகாரம் இல்லை. விமான நிறுவன ஊழியருக்கும் இல்லை. உங்கள் தொகுதி எம்எல்ஏவுக்கு போன் போடுவதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இது மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் விமான நிலைய சுகாதார அலுவலகத்தின் வேலை. 1954ஆம் ஆண்டின் இந்திய விமானப் பொதுச் சுகாதார விதிகளின்படி நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதன் அதிகாரிக்குத்தான். கப்பலில் வருகிற நம் மாலுமிப் பிள்ளைகளுக்கு 1955ஆம் ஆண்டின் துறைமுக விதிகள்.

கத்தாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். எந்த விதியின் கீழ், எந்தத் தேதி எத்தனை மணி வரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். அபாய நாட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்கிட்டிருக்கிறார்களா என்று டிக்கெட்டைக் காட்டிச் சரிபாருங்கள். இந்தியாவும் ஏற்றுக்கொண்ட 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளில் பிரிவு 32 உங்களுக்குச் சோறு, தண்ணீர், தங்குமிடம், மருத்துவம், உடைமைக்குப் பாதுகாப்பு, வீட்டாரோடு தொடர்புகொள்ள வழி ஆகியவற்றைத் தரச் சொல்கிறது. முடிந்தவரை உங்களுக்குப் புரிகிற மொழியில் பேசவும் சொல்கிறது. குடியேற வருகிறவர் அல்லாத பயணியிடம் தனிமைப்படுத்தலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 40. கொரோனா காலத்து ஓட்டல் பில்லைக் கட்டிப் பழகிப்போன நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். பணம் கேட்டால் எந்த உத்தரவின்படி என்று கேட்டு, ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

புகாரை எங்கே போடுவது என்பதிலும் தவறுகிறார்கள். விமான நிலைய, துறைமுக சுகாதார அலுவலகங்கள் மத்திய அரசுடையவை; சிபிகிராம்ஸ் குறைதீர்ப்புத் தளத்தில் சுகாதார அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். கிங் இன்ஸ்டிடியூட் மாநில அரசுடையது. அங்கே குறை என்றால் முதலமைச்சர் உதவி எண் 1100. மாற்றிப் போட்டால் உங்கள் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தி வைத்த உத்தரவின் நகல் மறுக்கப்பட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் பிரிவு 7. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வேலைக்காக அனுப்பப்படுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அட்டை இல்லாததால் விமானத்தில் ஏற்றாமல் விட்டால் விமான நிறுவனம் நஷ்டஈடு தராது. பயணக் காப்பீடும் பொதுவாகக் கைவிரித்துவிடும். எனவே ஊசிச் செலவு, அதற்காகச் சென்னை வந்துபோகும் செலவு, ஒருவேளை நிறுத்தி வைக்கப்பட்டால் அந்த நாட்களின் சம்பளம் ஆகியவை யாருடைய பொறுப்பு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கம்பெனியிடம் ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். நாளைக்கே கிளம்பு என்று முதலாளி சொன்னால், பத்து நாள் விதியை அதே மின்னஞ்சலில் எழுதி அவருக்கு அனுப்புங்கள்.