முன் பிரேக் டிஸ்க் ஆடுகிறதா?

ரங்கூனின் பெரும்பகுதியில் 2003 முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. ஆனால் பெகு, மாண்டலே பக்கம் போனால் வண்டி இல்லாமல் பிழைப்பில்லை. அங்குள்ள நம்மவர்கள், முன் பிரேக் பிடித்தால் 'டக்' என்று ஏதோ ஆடுகிறது என்பார்கள். உடனே டிஸ்க்கை மாற்றிவிடாதீர்கள், காசு வீணாகலாம். கணக்கு இடித்தால் பேரேட்டை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல் பாருங்கள்.

நடு ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். டயரைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் சக்கரம் மட்டும் ஆடுகிறதா? வீல் பேரிங். ஃபோர்க்கின் அடியை முன்னும் பின்னும் இழுத்தால் ஆடுகிறதா? ஹேண்டில் கோன்செட்.

இரண்டும் சரியென்றால், டிஸ்க் சூடாறிய பின் அதைக் கையால் அசையுங்கள். சின்ன வண்டிகளில் டிஸ்க்கை ஹப்பில் நேராக போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதில் மயிரிழை ஆட்டமும் கூடாது. ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கிறது, வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பெரிய வண்டிகளின் மிதக்கும் டிஸ்க் வேறு மாதிரி. வெளி வளையத்தையும் நடுத்தட்டையும் பொத்தான் போன்ற ரிவெட்டுகள் சேர்க்கின்றன. சூட்டில் வளையம் விரிய வேண்டுமே, அதனால் கொஞ்சம் ஆட்டம் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். இன்னொருவர் ரிவெட் மேல் விரல் வைக்கட்டும். நடுத்தட்டு நகர்ந்து வளையத்தில் இடிப்பது விரலில் தெரிந்தால் ரிவெட் தேய்ந்துவிட்டது. விரலில் ஒன்றும் தெரியாமல் சத்தம் மட்டும் வந்தால், பெரும்பாலும் காலிப்பரில் பேடு நகரும் சத்தம்தான்.

பிரேக் லிவர் கையில் துடித்தால் அது ஆட்டமல்ல, டிஸ்க் கோணியிருக்கலாம்.