இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரு தாள்

1930ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவில் இயங்கிய நாட்டர்டாம் பள்ளிச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையின் தலைவி ஓர் உத்தரவு அனுப்பினார். துறவற உறுதிமொழியான வார்த்தைப்பாடு கொடுக்கப்போகும் இளம் சகோதரி ஒவ்வொருவரும் தன் பெற்றோர், படிப்பு, மடத்துக்குத் தன்னை அழைத்துவந்த நிகழ்வுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். துறவற உருவாக்கப் பயிற்சியில் அது ஒரு சிறு அங்கம். எழுதி வாங்கிய தாள்கள் ஆவண அறைக்குப் போய்விட்டன.

1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற நோய்ப்பரவியல் ஆய்வாளர் மின்னசோட்டாவில் அச்சபையின் மடம் ஒன்றுக்கு வந்தார். முதுமையை ஆராய்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. உணவு, வருமானம், மருத்துவ வசதி, புகைப்பழக்கம் என மனிதருக்கு மனிதர் எல்லாமே மாறுவதால், மறதிநோய்க்கு எது காரணம் என்று பிரித்தறிய முடிவதில்லை. மடத்திலோ எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே கூரை, ஒரே மருத்துவம். பெரும்பாலோர் ஆசிரியைகள். அச்சபையில் 75 வயது கடந்த 678 சகோதரிகள் ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட இசைந்தார்கள். இறந்தபின் மூளையைக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆய்வுக்குழு அந்தப் பழைய தாள்களைக் கண்டெடுத்தது. பத்துச் சொற்களுக்குள் எத்தனை கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். ‘அப்பா தச்சர். நாங்கள் ஆறு பேர்’ என்பது ஒருவகை எழுத்து. தச்சரான அப்பாவின் பொறுமை தன்னை எப்படி வளர்த்தது என்பதையும் அதே வாக்கியத்தில் பின்னிச் சொல்வது இன்னொரு வகை. 1996இல் முடிவு வெளிவந்தது. சராசரியாக 22 வயதில் கருத்துச்செறிவு குறைவாக எழுதியவர்களே முதுமையில் அல்சைமர் நோய்க்கு அதிகம் ஆளாகியிருந்தார்கள். அறுபது ஆண்டு இடைவெளி! 2001இல் வந்த மற்றொரு கட்டுரை 180 தாள்களில் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை ஆகியவற்றைக் காட்டும் சொற்களை எண்ணியது. அவை நிறைந்திருந்த தாள்களுக்கு உரியவர்கள் நீண்டநாள் வாழ்ந்திருந்தார்கள்.

இதை வைத்து, செபம் மறதிநோயைத் தடுக்கும் என்று சொல்லிவிடக் கூடாது. ஆய்வில் இருந்த எல்லோருமே செபித்தவர்கள். செபிக்காதவர்களோடு அது யாரையும் ஒப்பிடவில்லை. கருத்துச்செறிவான எழுத்து மூளைக்குக் காப்பா, அல்லது செறிவற்ற எழுத்து அப்போதே தொடங்கிவிட்ட மாற்றத்தின் அறிகுறியா என்பதும் தீராத கேள்வி.

என்னை வியக்க வைப்பது அந்த ஆய்வில் இருந்த சகோதரி மேரி. 101 வயதில் இறக்கும்வரை நினைவுச் சோதனைகளில் நன்றாகவே தேறியவர். ஆனால் அவர் மூளையில் அல்சைமருக்கே உரிய புரதப் படிவுகளும் முடிச்சுகளும் நிறைந்திருந்தன. சேதம் இருந்தும் செயல் குறையாத இந்தத் தாங்குதிறனை ஆய்வாளர்கள் ‘அறிதிறன் இருப்பு’ என்கிறார்கள். கல்வியும் ஓயாத மனப்பயிற்சியும் அதை வளர்க்கக்கூடும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

துறவறத்தில் அப்பயிற்சிக்கு ஓய்வு வயது கிடையாது. தொடக்கப் பயிற்சிக்குரிய நவதுறவகத்தில் குறைந்தது 12 மாதம், பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, அதன்பின் நித்திய வார்த்தைப்பாடு என்று படிகள் முடிந்தாலும் உருவாக்கம் முடிவதில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 661ஆவது விதி, துறவியர் வாழ்நாள் முழுவதும் ஆன்மிகம், மறைக்கல்வி, நடைமுறை மூன்றிலும் தங்களை உருவாக்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறது. தினசரி ஆன்ம சோதனையும் ஆண்டுத் தியானமும் தொண்ணூறு வயதுச் சகோதரிக்கும் உண்டு. தான் பார்க்கப்போகாத ஒரு நோயாளிக்காகத் தன் மூளையைக் கொடுக்க 678 பேர் இசைந்ததற்குப் பின்னால் இந்த நெடும்பழக்கம் இருந்ததாகவே நான் நம்புகிறேன். அவர்கள் கொடுத்த மூளைத் திசுக்களைக் கொண்டு, அன்று இல்லாத புதிய முறைகளில் இன்றும் ஆய்வு தொடர்கிறது.