முரட்டுப் பிள்ளையும் குடும்பமும்

குற்றாலச் சாரலில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளை துள்ளுவது இயல்பே. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே, ஆறு மாதங்களுக்கு மேலாகக் கவனம் சிதறி அலையும் பிள்ளையை மருத்துவர் பார்க்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தோன்றும் இக்கவனக் குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்புக் குற்றமன்று. (மாமியார்மார் கவனிப்பார்களாக!)

முரட்டுத்தனத்திலோ வீட்டின் பங்கு பெரிது. தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். சுளகில் இலையும் தூளும். அன்றைய கணக்கு முடிந்தாக வேண்டும். மகன் மிட்டாய்க்குக் காசு கேட்கிறான், மறுக்கிறாள். அவன் கத்திச் சுளகை உதைக்கிறான். தூள் சிதறுமே என்று அஞ்சிக் காசைக் கொடுத்துவிடுகிறாள். கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றான். கொடுத்தால் ஓயும் என்று அவள் கற்றாள். அமெரிக்க உளவியலறிஞர் ஜெரால்ட் பேட்டர்சன் 1982-ல் விளக்கிய சுழல் இதுவே. இரவில் தந்தை குடித்துவிட்டு வந்து அடித்தால், வலியவன் அடிக்கலாம் என்ற பாடமும் சேர்கிறது.

மறுத்ததைக் குரல் உயர்த்தாமல் மறுத்தபடியே நிற்க வேண்டும். முதற்சில நாட்கள் கத்தல் கூடும், தளரலாகாது. அமைதியாகக் கேட்டால் உடனே பாராட்ட வேண்டும்.

பள்ளியில் பிரம்பெடுப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் ஊராட்சி உறுப்பினர்கள், இத்தகைய பிள்ளையைத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பச் செய்யலாம். 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது.