மெதுவாக நீந்தி விரைவைப் பெறுதல்

1992-இல் பார்சிலோனாவிலும் 1996-இல் அட்லாண்டாவிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீ ஸ்டைல் நீச்சல் பந்தயங்கள் நான்கிலும் தங்கம் வென்றவர் ரஷ்ய வீரர் அலெக்சாந்தர் போப்போவ். அட்லாண்டா வெற்றிக்குச் சுமார் ஒரு மாதத்திற்குப் பின், மாஸ்கோ தெருவொன்றில் தர்ப்பூசணி வியாபாரிகளுடன் ஏற்பட்ட தகராறில் அவர் வயிற்றில் கத்திக்குத்துப் பட்டார். சிறுநீரகமும் நுரையீரலைச் சூழ்ந்த உறையும் காயமுற்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் நீரில் இறங்க வழியில்லை. ஆயினும் 1997-இல் செவில் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அவ்விரு பந்தயங்களையும் அவர் மீண்டும் வென்றார்.

மன உறுதி என்று மட்டும் இதைச் சொல்லி விட்டுவிடுவது எளிது. ஆனால் இதில் இயற்பியலும் இருக்கிறது.

நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைப் பிளந்து செல்லும் உடலின்மீது செயல்படும் தடைவிசை, ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே நீந்துவதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. வேகத்தை ஒரு விழுக்காடு கூட்ட வேண்டுமானால் திறனை மூன்று விழுக்காடு கூட்ட வேண்டும்!

அட்லாண்டாவில் போப்போவ் 50 மீட்டரை 22.13 வினாடியில் கடந்தார். காயத்தினால் அவருடைய திறன் 20 விழுக்காடு குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத் தாவலை விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், வேகம் 7 விழுக்காடு குறைந்து நேரம் 23.8 வினாடி ஆகிவிடும். அந்நிலையில் உலக அரங்கில் அவர் முன்வரிசையில் நிற்க முடியாது. ஆனால் அதே மெலிந்த தசைகளோடு, உடலை நீட்டி, தலையைத் தாழ்த்தி, இடுப்பை மேலே நிறுத்தித் தடையை மட்டும் 10 விழுக்காடு குறைத்துவிட்டால் நேரம் 23.0 வினாடிக்கு வந்துவிடுகிறது. இழந்ததில் ஏறக்குறைய பாதி, தசை வளருமுன்பே திரும்பக் கிடைத்துவிட்டது பாருங்கள்.

போப்போவின் பயிற்சியாளர் கெனாடி டூரட்ஸ்கி மிக மெதுவான நீச்சலில் பெருநம்பிக்கை கொண்டிருந்தவர். பந்தயத்தில் இருப்பது போன்றே பிழையற்ற கைவீச்சு, ஆனால் குறைந்த வேகம். காயம்பட்டவருக்கு இம்முறை ஏற்றது என்பதற்கு மேற்சொன்ன கணக்கே காரணம். பாதி வேகத்தில் நீந்தும்போது தடைவிசை நான்கில் ஒரு பங்காகவும், திறன் எட்டில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். தையல் ஆறிவரும் வயிற்றுத் தசைக்கும், நீச்சல்காரர்களுக்கு அடிக்கடி பழுதாகும் தோள்மூட்டிற்கும் இதனால் பளு குறைகிறது. உடலோ நீரைப் பிடித்துத் தள்ளும் உணர்வை மறக்காமல் பழகிக்கொள்கிறது. வயிற்றுத் தசையைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. கைகளின் இழுப்பையும் கால்களின் உதைப்பையும் இணைக்கும் பாலம் அதுதான். அது தளர்ந்தால் இடுப்பு தாழ்ந்து தடை கூடும்.

மெதுவாகவே நீந்திக்கொண்டிருந்தால் பந்தயத்தில் வெல்லலாமா? முடியாது. விரைவாகச் சுருங்கும் தசை நார்களுக்கு விரைவுப் பயிற்சியே வேண்டும். மருத்துவர் இசைவு தந்தபின், 10 அல்லது 15 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் நீந்தி, பிறகு சில நிமிடங்கள் ஓய்வெடுக்க வேண்டும். இந்த ஓய்வைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் பலர். முதல் பத்து வினாடிகளின் பாய்ச்சலுக்குப் பெரும்பாலும் உதவுவது தசையில் சேமிப்பாக உள்ள ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் ஆகியவையே. செலவான சேமிப்பு மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குமுன் மறுபடி பாய்ந்தால், களைத்த கை கோணலாக வீசும். அந்தக் கோணலே பழக்கமாகிவிடும். வலி தோன்றினால் அன்றைய வேகப் பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

1998-இல் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் போப்போவ் 100 மீட்டரில் வென்றார். 50 மீட்டரில் அமெரிக்கர் பில் பில்சுக்கிடம் தோற்றார். 2000 ஜூனில் மாஸ்கோவில் 50 மீட்டரை 21.64 வினாடியில் கடந்து அவர் படைத்த உலகச் சாதனை 2008 வரை நிலைத்தது. அட்லாண்டா நேரத்தைவிட இது அரை வினாடிகூடக் குறைவில்லை. ஆனால் மும்மடிக் கணக்கில் பார்த்தால், அந்த அரை வினாடிக்குள் 7 விழுக்காடு கூடுதல் திறனோ, ஏறக்குறைய அதே அளவு குறைந்த தடையோ அடங்கியிருக்கிறது.