அழிந்த படங்களை மீட்கும் வழி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் திருவள்ளூர் மாவட்டத்தைத் தாக்கியது. இத்தகைய காலங்களில் பயிர்ச் சேதத்திற்கும் ஏரிக்கரை உடைப்பிற்கும் புகைப்படங்கள் நற்சான்றாகும். அவை அடங்கிய காமிரா அட்டையைத் தவறுதலாகப் 'பார்மட்' செய்துவிட்டால் நாம் மனந்தளர வேண்டுவதில்லை. அடங்கல் பதிவேடு தொலைந்தாலும் நிலம் இருந்த இடத்திலேயே இருக்குமன்றோ? அவ்வாறே, பெரும்பாலும் அட்டவணை மட்டுமே அழிகிறது, படங்கள் எஞ்சியிருக்கும்.

ஆனால், அதே அட்டையில் மேலும் படமெடுத்தால், புதியது பழையதன்மேல் பதிந்துவிடும்; பின்னர் மீட்க இயலாது. ஆகவே அட்டையை உடனே கழற்றி, பக்கத்தில் பூட்டு இருப்பின் அதனைத் தள்ளி வைத்தல் வேண்டும். கணினியில் 'போட்டோரெக்' என்னும் இலவச மென்பொருளால் தேடி, கிடைத்தவற்றை அட்டையில் அன்றிக் கணினியிலேயே சேமிக்க வேண்டும். கோப்பின் பெயர் மாறினும், காமிரா குறித்த தேதி படத்தினுள்ளேயே இருக்கும்.

எடுத்த படங்களை அன்றே படியெடுத்து வைத்தல் இதனினும் நன்று.